கொள்முதலா, விலை வேறுபாடா, மின்சாரமா, ரொக்கமா? தருமபுரி, கிருஷ்ணகிரி உழவுக்கு அரசுப் பணம் வர வேண்டிய வழி

தமிழ்நாடு அரசின் 2025-26ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையின் மொத்த ஒதுக்கீடு 45,661 கோடி ரூபாய். அதில் 8,186 கோடி, உழவர்களின் பம்புசெட்டுகளுக்கு வழங்கப்படும் இலவச மின்சாரத்துக்காக மின்வாரியத்துக்குப் போகிறது. இதற்கு வெளியே, மத்திய அரசு உரத்துக்கும் உணவு தானியத்துக்கும் தரும் மானியங்களும், ஆண்டுக்கு 6,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் போடும் உதவித்தொகையும் இருக்கின்றன. அரசு உழவுக்கு ஒன்றும் செய்வதில்லை என்று இந்தக் கணக்குகளைப் பார்த்த எவரும் சொல்ல முடியாது. ஆனால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வானத்தை நம்பி இரண்டு மூன்று ஏக்கரில் பாடுபடும் ஒருவருக்கு இந்தப் பணம் எந்த வடிவில் வந்தால் அவர் கையில் தங்கும், எந்த வடிவில் வந்தால் வழியிலேயே வேறு கைகளுக்குப் போய்விடும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. இவ்விரு மாவட்டங்களின் உழவுக்காக அரசு கூடுதலாக ஒரு தொகையைச் செலவிட முடிவெடுத்தால் அதை எங்கே வைக்க வேண்டும் என்பதுதான் இங்கே ஆராயப்படுவது.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. விளைபொருளை அரசே ஆதரவு விலை கொடுத்து வாங்கலாம். வாங்காமல், அறிவித்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் உழவருக்குக் கொடுக்கலாம். மின்சாரம், உரம், சொட்டுநீர்க் கருவி என்று சாகுபடிச் செலவைக் குறைக்கலாம். அல்லது என்ன பயிரிட்டாய், எவ்வளவு விளைந்தது என்று எதையும் கேட்காமல் ஆண்டுக்கு இவ்வளவு என்று ரொக்கமாகத் தந்துவிடலாம். பொதுவாக எது சிறந்தது என்ற வாதம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. நிலத்தையும் பயிரையும் ஒதுக்கிவைத்துவிட்டு அந்த வாதத்தை நடத்தினால் அதற்கு முடிவே வராது என்பது என் எண்ணம்.

சேலத்திலிருந்து 1965இல் பிரிந்த தருமபுரியும், தருமபுரியிலிருந்து 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரியும் டெல்டாவைப் போன்றவை அல்ல. கிருஷ்ணகிரி அணை, கெலவரப்பள்ளி, சின்னாறு, வாணியாறு ஆகிய அணைகளின் ஆயக்கட்டில், அதாவது பாசனப் பரப்பில், ஓரளவு நெல் உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் மானாவாரி. இல்லையென்றால் ஆழ்துளைக் கிணறு. பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ராகி. சித்தேரி மலையில் சாமை. பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் தக்காளி. பர்கூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் வட்டாரத்தில் மாந்தோப்புகள். எங்கும் ஊடே கொள்ளு, அவரை, துவரை, நிலக்கடலை, புளி. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் ராகியும் துவரையும் நிலக்கடலையும் உண்டு. கொள்ளும் சாமையும் தக்காளியும் மாங்காயும் புளியும் இல்லை. ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும் என்று தில்லி எல்லையில் நடந்த போராட்டங்கள் நியாயமானவை என்றே கொண்டாலும், அந்தச் சட்டம் நாளையே வந்தால்கூட இந்த வட்டாரத்தின் பாதிப் பயிர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நெல்லையும் கோதுமையையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட ஏற்பாட்டை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பதில் உள்ள முதல் சிக்கல் இதுதான்.

ராகியில் தொடங்கலாம், கொள்முதல் என்ற வழிக்கு இங்கே பொருத்தமான பயிர் அதுவே. 2025-26ஆம் பருவத்துக்கு ராகியின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். உழவர் கையிலிருந்து போடும் செலவையும் குடும்பத்தாரின் உழைப்பையும் சேர்த்து அகில இந்திய அளவில் 3,257 ரூபாய் என்று மதிப்பிட்டு, அதன்மேல் பாதியைக் கூட்டி இந்த விலை வைக்கப்பட்டிருக்கிறது. சொந்த நிலத்துக்கான வாடகையும் சொந்த முதலுக்கான வட்டியும் இந்தச் செலவுக் கணக்கில் வராது என்பது உழவர் அமைப்புகளின் நெடுநாள் குறை. அந்தக் குறை சரியானது. இருந்தாலும், அறிவித்த விலை முழுமையாகக் கையில் வந்தால் மானாவாரி ராகி போட்டவருக்கு அது நல்ல விலைதான். ஏக்கருக்கு 8 குவிண்டால் விளைந்தது, ஊர் வியாபாரி கிலோ 35 ரூபாய்க்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதரவு விலைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஏக்கருக்கு 11,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஒரே ஏக்கர் ராகியில் கிடைக்கும் இந்தக் கூடுதல் தொகை, ஆண்டு முழுவதும் மத்திய அரசு தரும் உதவித்தொகையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கையில் வந்தால் என்ற சொல்லில்தான் எல்லாமும் இருக்கிறது. இந்திய உணவுக் கழகத்தின் சீரமைப்பை ஆராய்ந்த சாந்தகுமார் குழு, நாட்டில் 6 சதவீத உழவர்களே ஆதரவு விலைக்கு அரசிடம் விற்கிறார்கள் என்று 2015இல் சொன்னது. மானாவாரி வட்டாரங்களில் ஏன் இப்படி நேர்கிறது என்பதைக் கொள்முதல் நிலையத்தின் சல்லடை அருகே நின்று பார்த்தால் புரியும். ராகியைப் பலர் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வருகிற வண்டிச் சக்கரங்களைக் கொண்டே கதிரடிக்கிறார்கள். ஊரில் களம் இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ ஒரு கட்டடம் இருக்கிறது. சாலையில் அடித்த ராகியில் கடுகளவு சரளையும் மண்ணும் கலந்துவிடும். ராகியும் கடுகளவே ஆனதால் முறத்தில் புடைத்தாலும் முழுதாகப் பிரியாது. நிலையத்தில் சல்லடையில் சலித்து, கருவியில் ஈரம் பார்த்து, ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். மார்கழிப் பனியில் திறந்த வெளியில் கொட்டிக் காத்திருக்கும் தானியம் காய்வதற்குப் பதில் மேலும் ஈரமாகிறது. வண்டி வாடகை ஒருமுறை கொடுத்தாயிற்று. திரும்பக் கொண்டுபோக இன்னொரு வாடகை. அதற்குள் வியாபாரி களத்துக்கே வந்து, எடைபோட்டு, கழிவு பிடித்துக்கொண்டு, அன்றே ரொக்கம் கொடுத்துவிடுகிறார். உழவுக்கும் களையெடுப்புக்கும் முன்பணம் தந்தவரும் பல ஊர்களில் அவரே என்பதால் அவரைத் தாண்டிப் போவதில் ஒரு தயக்கமும் உண்டு.

காகிதச் சிக்கல் தனி. சிட்டா, எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்று காட்டும் அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தருவதாக, உழுபவரின் பெயர் அடங்கலில் ஏறாது. நிலத்துக்காரர் பெங்களூரிலோ திருப்பூரிலோ இருப்பார். பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். ராகியினூடே அவரையும் துவரையும் சால் விட்டு விதைக்கும் வழக்கம் இங்கே பரவலானது. அந்தக் கலப்புப் பயிரை அடங்கலில் எந்தப் பயிராக, எத்தனை ஏக்கராக எழுதுவது என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெளிவான விடை இருப்பதில்லை.

இத்தனை தடைகளையும் எண்ணிய பிறகும் ராகிக் கொள்முதலை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், வாங்கிய ராகியைத் தின்ன ஆள் இருக்கிறது என்பது. எந்த ஆதரவு விலைத் திட்டமும் கிடங்கில்தான் தோற்கிறது. வாங்கிய பொருளை என்ன செய்வது என்று தெரியாத அரசு, அடுத்த ஆண்டு வாங்கத் தயங்கும். தருமபுரியிலும் நீலகிரியிலும் நியாயவிலைக் கடைகளில் மாதம் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கியது. ஒரு லட்சம் குடும்ப அட்டைகளுக்கு மாதம் 2 கிலோ என்றால் ஆண்டுக்கு 2,400 டன். ஏக்கருக்கு 8 குவிண்டால் என்ற முன்கணக்கின்படி 3,000 ஏக்கரின் முழு விளைச்சலுக்கு அது உறுதியான சந்தை. களியும் கூழும் தின்று வளர்ந்த மக்களுக்குப் புதிதாக எதையும் பழக்கவேண்டியதும் இல்லை. ராகி விளையும் கிருஷ்ணகிரியை அந்த முதற்கட்டத்தில் சேர்க்காமல் விட்டது எனக்கு இன்றும் விளங்காத முடிவு.

செலவுக் கணக்கிலும் ராகிக்கு ஒரு சாதகம் உண்டு. அரசு ராகிக்குக் கொடுக்கும் 4,886 ரூபாய் முழுவதும் புதுச் செலவு அல்ல. அந்த அட்டைதாரருக்குக் கொடுத்திருக்கவேண்டிய அரிசி மிச்சமாகிறது. 2025-26ஆம் பருவத்துக்குச் சாதாரண நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் 67 கிலோ அரிசி என்பது கொள்முதலில் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி ஒரு கிலோ அரிசிக்கு நெல் விலையே 35 ரூபாய்க்குமேல் ஆகிவிடுகிறது. மாநில அரசின் ஊக்கத்தொகை, அரவைக் கூலி, சாக்கு, லாரி வாடகை, கிடங்கு எல்லாம் இனிமேல்தான். டெல்டாவில் வாங்கிய நெல்லை அரைத்துத் தருமபுரிக்கு ஏற்றிவருவதும், பென்னாகரத்தில் வாங்கிய ராகியைப் பென்னாகரத்துக் கடையிலேயே கொடுப்பதும் ஒன்றாகுமா? நிகரச் செலவு கிலோவுக்கு ஒரு சில ரூபாய்களே வரும் என்பது என் கணிப்பு. அந்தச் சில ரூபாயில் உழவருக்கு விலையும், வீட்டுக்கு இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கின்றன. 2017இல் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கிய ஒடிசா இந்த இரு முனைகளையும் சேர்த்தே கட்டியது: மலைவட்டாரங்களில் ராகியை ஆதரவு விலைக்கு வாங்கியது, அங்கன்வாடிகளில் ராகி லட்டாகக் கொடுத்தது. நம் ஊரில் விடுதிகளும் சத்துணவுக் கூடங்களும் காலை உணவுத் திட்டமும் தயாராகவே இருக்கின்றன.

கொள்முதல் நிலையம் இயங்குவதால் அங்கே விற்காதவருக்கும் ஒரு பலன் வருகிறது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து கல் தொலைவில் அரசு 48 ரூபாய்க்கு வாங்குகிறது என்பது தெரிந்த பிறகு வியாபாரி 35 ரூபாய்க்குக் கேட்கக் கூசுவார்.

மாங்காய்க்கு வந்தால் இந்த நியாயம் எதுவும் செல்லாது. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் இங்கே சொல்லப்படும் தோதாபுரி ரகம் மாம்பழக் கூழ் ஆலைகளை நம்பி வளர்க்கப்படுவது. அரசு அதை வாங்கி எந்தக் கடையிலும் விநியோகிக்க முடியாது. வாங்கினால் மறுபடியும் ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும். 2025இல் முந்தைய ஆண்டுக் கூழ் விற்காமல் தேங்கியிருந்த நேரத்தில் விளைச்சலும் அமோகமாக வந்து விலை சரிந்தபோது, அண்டை மாநிலங்கள் இரண்டும் வேறுபாட்டுத் தொகை என்ற வழியைத்தான் எடுத்தன. ஆந்திரத்தில் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று அறிவித்தார்கள். கர்நாடகத்தில் குவிண்டாலுக்கு 1,616 ரூபாயை அடிப்படை விலையாக வைத்து, 2.5 லட்சம் டன் வரை வேறுபாட்டை மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டன.

கிருஷ்ணகிரி இந்த இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே கிடக்கும் மாவட்டம். விலை ஆதரவு என்பது ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் மட்டும் கொடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டு வெளிப்படையாகவே காட்டியது. தன் பணத்தில் கொடுக்கும் 4 ரூபாய் பிற மாநிலக் காய்க்குப் போய்விடக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநில மாங்காய் உள்ளே வரத் தடை விதித்தது. கர்நாடக முதல்வர் சித்தராமையா அதை எதிர்த்து ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதவேண்டி வந்தது. சித்தூர் ஆலைகளின் கதவு மூடப்பட்டால் பர்கூர்க் காய்க்கு உள்ளூர் ஆலைகள் சொல்வதே விலை. ஆகவே மாங்காய் வேறுபாட்டுத் தொகை நமக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு இனி நம் விருப்பம் மட்டும் விடையாகாது. பக்கத்தில் இருவர் கொடுக்கும்போது கொடுக்காமல் இருப்பவரின் உழவர்தான் மொத்தச் சரிவையும் சுமக்கிறார்.

ஆனால் அந்தப் பணம் யாருக்குப் போகும் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். மாந்தோப்பு வைத்திருப்பவர்களில் பலர் காயைத் தாங்களே பறித்து விற்பதில்லை. பூ கண்டவுடனோ பிஞ்சு பிடித்தவுடனோ மரத்தோடு குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். மருந்து அடித்து, காவல் போட்டு, ஆலைக்கு ஏற்றி நட்டப்படுபவர் குத்தகைக்காரர். பட்டாவை வைத்துக் கொடுத்தால் தோப்புக்காரருக்குப் போகும். ஆலை ரசீதை வைத்துக் கொடுத்தால் குத்தகைக்காரருக்கோ இடைத்தரகருக்கோ போகும். முன்னது நட்டப்படாதவருக்குக் கொடுப்பது. பின்னது ரசீது எழுதும் கைக்கு அதிகாரம் கொடுப்பது. இவற்றில் பின்னதே மேல் என்று நினைக்கிறேன், ஆலையின் எடைமேடைக் கணக்கும் வங்கிப் பரிவர்த்தனையும் பொருந்தினால் மட்டும் என்ற நிபந்தனையோடு. ஆலைகள் காய்க்குரிய பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் வழக்கத்துக்கும் அந்த நிபந்தனை ஒரு மருந்தாகும்.

வேறுபாட்டுத் தொகைக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அதை மத்தியப் பிரதேசம் 2017இல் கற்றுக்கொடுத்தது. பாவாந்தர் என்ற பெயரில் அங்கே சோயாபீன், உளுந்து முதலியவற்றுக்கு ஆதரவு விலைக்கும் சராசரிச் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டை அரசு கொடுத்தது. குறிப்பிட்ட வாரங்களுக்குள் விற்றால்தான் தொகை என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் மண்டிக்கு வந்தார்கள். எப்படியும் அரசு ஈடுகட்டும் என்று தெரிந்த வியாபாரிகள் விலையை மேலும் இறக்கினார்கள். கணக்கிட்டது சராசரி விலையை வைத்து. உழவருக்குக் கிடைத்ததோ பல இடங்களில் அதற்கும் கீழே. வாங்குவோர் பலராக இருக்கும் சந்தையில் இந்தத் திட்டம் ஓடும். ஒரு சில ஆலைகளே வாங்கும் மாங்காய்ச் சந்தையில், ஆலைகள் தரவேண்டிய குறைந்தபட்சப் பங்கை முதலில் கட்டாமல் அரசு தன் பங்கை அறிவித்தால், அந்தத் தொகை ஆலைக்கான மானியமாக மாறிவிடும். ஆந்திரம் 8 ரூபாய், 4 ரூபாய் என்று இரண்டையும் ஒன்றாக அறிவித்ததில் இந்த ஒரு புத்திசாலித்தனம் இருந்தது.

தக்காளி எல்லாவற்றிலும் கடினம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். பறித்ததை அன்றே இராயக்கோட்டைக்கோ பாலக்கோட்டுக்கோ ஏற்றியாக வேண்டும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அரசு நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது; அதே வட்டாரத்தில் வேறு மாதங்களில் கிலோ ஓரிரு ரூபாய்க்கு இறங்கி, பறிகூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விட்டு ஆடுமாடுகளை மேயவிடுவதும் நடக்கிறது. நுகர்வோருக்கு விலை ஏறினால் ஒரு வாரத்தில் விழித்துக்கொள்ளும் நிர்வாகம், உழவருக்கு இறங்கும்போது மட்டும் கோப்பைத் தேடுவதை என்னவென்று சொல்வது? கேரளம் 2020 நவம்பரில் 16 காய்கனிகளுக்கு அடிப்படை விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உற்பத்திச் செலவுக்குமேல் 20 சதவீதம் சேர்த்துக் கணக்கிட்டபோது தக்காளிக்குக் கிடைத்தது கிலோ 8 ரூபாய். வெளியிலிருந்து பெருமளவு தக்காளி வாங்கும் மாநிலத்துக்கு அது தாங்கக்கூடிய சுமை. விளைவித்து வெளியே அனுப்பும் மாவட்டங்களுக்கு அதே விலையை உறுதிசெய்தால் அடுத்த பருவத்தில் எல்லா வயலும் தக்காளியாகிவிடும். இங்கே என் பரிந்துரை அடக்கமானது. விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகும் வாரங்களில் பறிகூலியையும் வண்டி வாடகையையும் மட்டும், பதிவுசெய்த பரப்புக்கு ஓர் உச்சவரம்போடு கொடுத்தால் போதும். மத்திய அரசின் சந்தைத் தலையீட்டுத் திட்டம் 2025இல் திருத்தப்பட்டபோது தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றையும் விளையும் இடத்திலிருந்து நுகரும் இடத்துக்குக் கொண்டுபோகும் செலவை மைய நிறுவனங்களுக்குத் திருப்பித் தரவும் வழி செய்யப்பட்டது. அந்த வழியை மாநிலம் கேட்டுப் பெற வேண்டும். குளிர்ப்பதனக் கிடங்கு கட்டினால் தீரும் என்ற பேச்சு ஒவ்வொரு சரிவின்போதும் கிளம்புகிறது. கிலோ இரண்டு ரூபாய்த் தக்காளியைக் குளிரில் வைக்கும் வாடகையை யார் கொடுப்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இனி மின்சாரம். 8,186 கோடி ரூபாயை மாநிலத்தின் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் இணைப்புகளுக்குப் பகிர்ந்தால், ஓர் இணைப்புக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 35,000 ரூபாய் வருகிறது. பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லாததால் உண்மையில் யார் எவ்வளவு எடுக்கிறார் என்பது மதிப்பீடுதான். ஆனாலும் ஒப்பீட்டுக்கு இந்த எண் உதவும்: கிணறு உள்ளவருக்கு அரசு ஆண்டுக்கு 35,000 ரூபாய் தருகிறது, கிணறு இல்லாமல் ராகியும் கொள்ளும் விதைப்பவருக்கு இந்தக் கணக்கில் ஒரு காசும் இல்லை. கிணறு உள்ளவர்களுக்குள்ளும் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வைத்திருப்பவரைவிடப் பதினைந்து குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் வைத்திருப்பவருக்கு அதிகம். தருமபுரியில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியையும் தாண்டிப் போன ஊர்கள் இருக்கின்றன. நீர் கீழே போகப்போக ஒரே அளவு தண்ணீரை எடுக்க அதிக மின்சாரம் தேவைப்படுகிறது. மின்சாரம் இலவசம் என்பதால் இன்னும் கீழே போவதற்கு இருந்த ஒரே தடை துளைபோடும் செலவு. அந்தச் செலவில்தான் குடும்பங்கள் முறிகின்றன. கந்துவட்டிக்கு வாங்கிப் போட்ட ஆழ்துளைக் கிணறு தண்ணீர் வராமல் புகையாக முடிந்தால், இலவச மின்சாரம் அவருக்கு எதற்கு? ஆழத்து நீரில் ஃபுளோரைடு மிகுந்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவரவேண்டி வந்த மாவட்டங்கள் இவை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அதற்காக இலவச மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அரசியலில் நடக்காது என்பது ஒரு காரணம். காவிரி நீரை வாய்க்காலில் இலவசமாகப் பெறும் உழவருக்கு இல்லாத கட்டணத்தை, சொந்தச் செலவில் துளையிட்டு நீர் எடுப்பவர் மேல் சுமத்துவது அறமாகாது என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் கூடுதலாக வரும் ரூபாயை இதில் போடக்கூடாது. 2021க்குப் பின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய இணைப்புகள் வழங்கப்பட்டன. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்கு அது நீதி என்றாலும், நிலத்தடி நீர் வற்றிய குறுவட்டங்களில் ஒவ்வொரு புதிய இணைப்பும் பக்கத்துக் கிணற்றின் பங்கை எடுத்தே ஓடுகிறது. இந்த வகையில் எஞ்சியிருக்கும் நல்ல செலவு சொட்டுநீர்ப் பாசனம் ஒன்றுதான். ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு உழவருக்கு நூறு சதவீதமும் மற்றவர்க்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. அதிலும் மிச்சமான தண்ணீரைக்கொண்டு இன்னும் ஓர் ஏக்கரில் தக்காளி போடுவதுதான் பொதுவாக நடக்கிறது. நீர் மிச்சமாவதில்லை, பரப்பு கூடுகிறது. உழவரின் வருமானம் கூடுவதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. நீரைச் சேமிக்கும் திட்டம் என்று அதற்குப் பெயர் சூட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. உர மானியம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது நீர் பாயும் வயலுக்குப் பெரிய உதவி. மழையைப் பார்த்து ஒருமுறை மேலுரம் தூவும் ராகிக் கொல்லைக்குச் சிறிய உதவி.

ரொக்கத்தின் சிறப்பு, அது எல்லாப் பயிருக்கும் பொது என்பதில் இருக்கிறது. கொள்ளு விதைப்பவரும் சாமை விதைப்பவரும் வேறு எந்தத் திட்டத்திலும் அகப்படாதபோது இதில் அகப்படுகிறார்கள். சல்லடையும் ஈரப்பதக் கருவியும் இடைத்தரகரும் இல்லை. ஆனால் மத்திய அரசின் உதவித்தொகை 2019இல் தொடங்கியபோது இருந்த 6,000 ரூபாய் இன்றும் 6,000 ரூபாயே. 2019-20இல் ராகியின் ஆதரவு விலை 3,150 ரூபாய். அந்த 6,000 ரூபாய்க்கு அப்போது இரண்டு குவிண்டாலுக்குச் சற்றுக் குறைவான ராகி வாங்கலாம். இன்று ஒன்றேகால் குவிண்டால்கூட வராது. ஆதரவு விலை ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது, ரொக்கம் திருத்தப்படுவதில்லை என்ற இந்த ஒரு வேறுபாடே, கொள்முதலை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ரொக்கமாக்கலாம் என்போருக்கு விடை. நிலம் பெயரில் இல்லாதவருக்கு இது கிடைப்பதுமில்லை. ஒடிசா தன் காலியா திட்டத்தில் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்தது. நம் மாநிலத்தில் அப்படி ஒரு ரொக்கத் திட்டம் வந்தால், அது மலைவட்டாரச் சாமை, கொள்ளு உழவர்களுக்கென்று ஏக்கர்க் கணக்கில் தனியாக வருவதையே விரும்புவேன்.

என் வரிசை இது: கூடுதல் பணத்தில் பெரும்பங்கு ராகிக் கொள்முதலுக்கும் அதைக் கிருஷ்ணகிரி உட்பட இரு மாவட்டக் கடைகளிலும் விடுதிகளிலும் கொடுப்பதற்கும், அடுத்த பங்கு, அண்டை மாநிலங்கள் கொடுக்கும் ஆண்டுகளில் மட்டும், ஆலைகளின் பங்கோடு கட்டிய மாங்காய் வேறுபாட்டுத் தொகைக்கு, மூன்றாவதாகச் சாமைக்கும் கொள்ளுக்கும் ஏக்கர்க் கணக்கில் ஒரு சிறு ரொக்கம், தக்காளிக்குப் பறிகூலிக் காப்பு, மின்சாரத்துக்கு இப்போதைய அளவே. நீர் கிடைக்கும் உழவர்களுக்கு இந்த வரிசையில் புதிதாக அதிகம் கிடைக்காது என்பதை மறைக்கவில்லை. அவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர். குரலிலும் குறைந்தவர்கள் அல்லர். எனவே இந்த வரிசையை ஏற்கும் எந்த அமைச்சரும் எதிர்ப்பைச் சந்திப்பார்.

கொள்முதலை முதலில் வைத்ததால் அதற்குரிய சில்லறை வேலைகளையும் சொல்லியாக வேண்டும், திட்டம் நிற்பதும் விழுவதும் அவற்றில்தான். ஊராட்சிக்கு ஒரு சிமென்ட் களமும் சில தார்ப்பாய்களும் கொடுத்தால் சரளை கலப்பது பாதி குறையும். அந்தச் செலவு ஒரு கிடங்கு கட்டும் செலவில் சிறு பகுதிகூட ஆகாது. கலப்புப் பயிரில் ராகியின் பரப்பை எழுதுவதற்கு ஒரு பொது விதி வேண்டும். வாரத்துக்கு உழுபவரிடம், நிலத்துக்காரரின் ஒப்புதல் கடிதத்தை வைத்து வாங்கலாம். ஆடி ஆவணியில் விதைத்த ராகி கார்த்திகையில் அறுவடைக்கு வருகிறது. பொங்கல் செலவுக்காக உழவர் மார்கழிக்குள் விற்றுவிடுகிறார். நிலையம் தை பிறந்த பிறகு திறந்தால் அங்கே ராகி கொண்டுவருபவர் வியாபாரியாகத்தான் இருப்பார், அவர் கையில் யாரோ ஓர் உழவரின் அடங்கல் இருக்கும். கார்த்திகை முதல் வாரத்தில் திறப்பதற்கான ஆணையும், விற்ற ஒரு வாரத்துக்குள் பணம் கணக்கில் ஏறுவதற்கான முன்வைப்பு நிதியும் ஆடி மாதத்திலேயே மாவட்ட ஆட்சியர்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.